வாசலை முதலில் பாருங்கள்

(திருச்சிராப்பள்ளியில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி ஏற்பாட்டுத் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும், நிகழ்ச்சி நடத்தப் புதிய இடங்களுக்கான யோசனைகளும் சொல்ல வேண்டும் என்று உங்கள் துறைத் தலைவர் கேட்டிருந்தார். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று. இடத்தைப் பற்றிப் பேசினாலே தொழிலைப் பற்றி முக்கால்வாசி பேசியாகிவிடும்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் மேடைப் படங்களைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். எல்ஈடி திரை, பூ வளைவு, புகைக்கு நடுவே மணமக்கள் நடந்துவரும் பாதை. அழகாகத்தான் இருக்கிறது, கற்றுக்கொள்ள வேண்டியதும்தான். ஆனால் ஓர் இடத்தைப் பார்க்கப் போனால் நான் கடைசியாகப் பார்ப்பது மேடையை. முதலில் பார்ப்பது வாசலை. எத்தனை வாசல், எவ்வளவு அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பூட்டினால் சாவி யாரிடம் இருக்கும்? பிறகு பின்வாசல். அதற்குப் பிறகு, வாசலுக்கு வெளியே இருக்கிற தெரு. வந்தவர்கள் அத்தனை பேரும் வந்தபடியே வீடு போய்ச் சேர வேண்டும். அதற்கேற்ற இடத்தைத் தேடி, அதற்கேற்றபடி ஆயத்தம் செய்வதே எங்கள் வேலை. அலங்காரமும் ஆரவாரமும் அதற்கு மேல்தான்.

முதலில் எங்கள் ஆண்டு எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். நீங்கள் ஜனவரி, பிப்ரவரி என்று எண்ணுவீர்கள். நாங்கள் தை, மாசி என்று எண்ணுகிறோம். தை பிறந்தால் முகூர்த்தம் தொடங்கும். சித்திரை, வைகாசி, ஆனியில் மூச்சு விட நேரம் இருக்காது. ஒரே நல்ல நாளில் ஊரில் உள்ள எல்லா மண்டபமும் நிறையும். பந்தல்காரர் ஒருவரே, சமையல் மாஸ்டர் ஒருவரே, ஜெனரேட்டர் வண்டியும் ஒன்றே என்றிருக்கும். எல்லோருக்கும் அவர்கள்தான் வேண்டும். ஆடி பிறந்தால் கல்யாண வேலை அப்படியே நின்றுபோகும். ஆனால் அதே ஆடியில் அம்மன் கோவில்களில் கூழ் ஊற்றுவார்கள், தீமிதி நடக்கும். மைக்செட்காரருக்கும் சீரியல் விளக்குக்காரருக்கும் அப்போதுதான் தெருத் தெருவாக வேலை. ஆவணியில் மறுபடி கல்யாணம். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும். டெல்டா முழுக்கப் பந்தல் சாமானுக்குத் தட்டுப்பாடு வரும். புரட்டாசியில் பலர் கல்யாணம் வைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களை மழையோடு மல்லுக்கட்டித்தான் முடிக்க வேண்டும். மார்கழி கச்சேரிக்கும் பஜனைக்கும் கிறிஸ்துமஸுக்கும் உரிய மாதம். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கத் தெரியாதவர்கள் ஆனியில் வாங்கிய பணத்தை ஆடியில் தீர்த்துவிட்டு ஆவணியில் கடனுக்கு அலைகிறார்கள். சம்பளம் மாதாமாதம் வரும் என்ற நினைப்போடு இந்தத் தொழிலுக்குள் வராதீர்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்? மண்டபத்துக்கு முதல் நாள் பிற்பகல் தொடங்கி மறுநாள் பிற்பகல் வரை ஒரு நாள் வாடகை என்பது நம் ஊர் வழக்கம். முந்தைய வீட்டார் சீர்வரிசைத் தட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வீட்டாரின் அரிசி மூட்டை பின்வாசலில் இறங்கும். மாலையில் வரவேற்பு. அதற்குள் மேடை கட்ட வேண்டும், பூ வைக்க வேண்டும், விளக்கு மாட்ட வேண்டும், ஒலியைச் சோதிக்க வேண்டும். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விருந்தினர் போன பிறகு வரவேற்பு மேடையைப் பிரித்து, அதே இரவில் மணவறை கட்டுகிறோம். விடியற்காலை முகூர்த்தம் என்றால் தூக்கம் நாற்காலியில்தான். என் பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் அவர்களுடைய பள்ளி ஆண்டுவிழாக்களை நான் பார்த்ததைவிட மற்றவர் பிள்ளைகளின் பிறந்தநாள்களைப் பார்த்ததே அதிகம். இதையும் தெரிந்துகொண்டுதான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும்.

இப்போது இடத்துக்கு வருகிறேன்.

ஓர் இடத்தைப் பார்க்கப் போவது என்றால் நிகழ்ச்சி நடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் போங்கள். காலை பத்து மணிக்குப் பார்த்தால் நிழலாக இருக்கும் மைதானத்தில், மாலை நாலரைக்கு மேற்கு வெயில் நேராகப் பார்வையாளர் கண்ணில் அடிக்கும். செவ்வாயன்று அமைதியாக இருக்கும் தெருவில் வெள்ளிக்கிழமை கோவில் கூட்டம் நிற்கும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று எதிர்க் கடையில் கேளுங்கள். மண்டப மேலாளரைவிடத் தேநீர்க் கடைக்காரருக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். பெண்கள் பக்கம் எத்தனை அறைகள் என்று எண்ணுங்கள். ஆண்கள் பக்கத்துக்குச் சமமாக இருந்தால் அது போதாது. பெண்களுக்கு நேரம் கூடுதலாகும், குழந்தைகளையும் அவர்கள்தான் அழைத்துப் போகிறார்கள். சக்கர நாற்காலி வாசலில் ஏறுமா என்று பாருங்கள். மூட்டுவலிக்காரப் பாட்டி மாடிப் பந்திக்கு எப்படிப் போவார் என்பதையும் யோசியுங்கள்.

வாசலை அளக்கச் சொன்னேனே, ஏன் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். விளையாட்டரங்கப் பாதுகாப்புக்காகப் பிரிட்டனில் வகுத்து உலகம் முழுக்கப் பின்பற்றும் அளவு ஒன்று உண்டு. சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியாக நிமிடத்துக்கு 80 பேர் அளவுக்கு வெளியேறலாம். படிக்கட்டென்றால் 65 பேர் வரைதான். நம் மண்டபக் கதவு இரட்டைக் கதவு. விரியத் திறந்தால் இரண்டு மீட்டர் இருக்கும். ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒரு கதவைத் தாழ்ப்பாள் போட்டே வைத்திருப்பார்கள். ஏசி குளிர் வெளியே போகாமலிருக்க. மிச்சம் ஒரு மீட்டர். அந்த ஒரு மீட்டரிலும் சந்தனக் கும்பா மேசையையும் வரவேற்புப் பொம்மையையும் வைக்கிறோம். உள்ளே ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடையே இல்லாத ஒரு மீட்டர் வழியில் அவர்கள் வெளியேறப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். கீற்றுப் பந்தலில் பிடித்த தீ அத்தனை நேரம் காத்திருக்காது.

இதைத் திருச்சியில் நின்றுகொண்டு சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. இங்கிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே 2004 ஜனவரி 23 அன்று ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், கீற்றுக்கூரைக்குக் கீழே முகூர்த்தம் நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மணமகனும் அவர்களில் ஒருவர். வீடியோ எடுப்பதற்கான விளக்கின் மின்கம்பியில் தீ தொடங்கியதாக அன்று சொல்லப்பட்டது. உங்களில் பலர் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முன் 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோவில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்தது. 40-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். இரண்டும் மங்கல நிகழ்ச்சிகள். இரண்டுக்கும் ஏற்பாடு செய்தவர்கள் அன்போடுதான் செய்திருப்பார்கள். அன்பு மட்டும் இருந்து வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இரண்டு நாள்களைத் தவிர வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. வயரிங் வேலை நடக்கும்போது எலெக்ட்ரீஷியனின் பின்னாலேயே நான் நடப்பது அதனால்தான். ஒட்டுப்போட்ட வயர் துணி அலங்காரத்துக்குள் போகக் கூடாது; சூடாகும் விளக்கு பூவையோ திரையையோ தொடக் கூடாது; ஜெனரேட்டரின் நியூட்ரல் இறுக்கமாக இருக்கிறதா, எர்த் அடித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தீயணைப்பானை மேடைக்குப் பின்னால் ஒளித்துவைக்காமல் கையெட்டும் இடத்தில் வைக்க வேண்டும்.

தீ இல்லாமலும் கூட்டம் கொல்லும். கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று அரசியல் பரப்புரைக் கூட்டத்தில் 41 பேர் நெரிசலில் இறந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நெரிசலில் இறப்பவர்கள் மிதிபட்டு இறப்பதாகவே நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. நின்ற நிலையிலேயே, நெஞ்சு விரிய இடமில்லாமல், மூச்சு முட்டி இறக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை நின்றால் ஒருவர் தன் விருப்பப்படி நகரலாம். ஐந்தைத் தாண்டினால் கால் நம் சொல் கேட்காது. ஏழு பேர் ஆகிவிட்டால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கத் தொடங்கும். முன்னால் விழுந்தவருக்கு என்ன ஆனது என்று பின்னால் தள்ளுகிறவருக்குத் தெரியாது. ஆகவே மைதானத்தின் பரப்பை மட்டும் அளந்து இத்தனை ஆயிரம் பேர் கொள்ளும் என்று சொல்லக் கூடாது. மேடைக்கு அருகே எல்லோரும் எங்கே வந்து அடைவார்கள், அந்த இடத்தில் சதுர மீட்டருக்கு எத்தனை பேர் நிற்பார்கள் என்று பார்க்க வேண்டும். கூட்டத்தைத் தடுப்புக் கட்டிப் பல பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்திக்கும் தனி வெளிவழி விட வேண்டும். சிறப்பு விருந்தினர் தாமதமானால் அதை உடனே ஒலிபெருக்கியில் அறிவித்து, தண்ணீர் கொடுத்து, உட்காரவைக்க வேண்டும். மெரினாவில் 2024 அக்டோபர் 6 அன்று விமானப்படை சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். நாட்டின் மிக நீண்ட கடற்கரைகளில் ஒன்று அது. இடம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நிழலும் குடிநீரும் வீடு திரும்பும் வழியும் இடத்தோடு சேர்ந்தவை.

இவ்வளவும் கேட்டு, நிகழ்ச்சி நடத்தவே பயமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல இடம் கிடைத்தால் பாதி நிகழ்ச்சியை அந்த இடமே நடத்திக் கொடுத்துவிடும். அதற்கு நான் பெரிதும் வணங்கும் உதாரணம் வட மாவட்டங்களின் பாரதக் கூத்து.

திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோவில்களில் இது கோடையில் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவு முழுக்கக் கூத்து. அர்ச்சுனன் தபசு நாளில் உயரமான கம்பம் நட்டு நடிகர் அதில் ஏறுவார். ஊரே அண்ணாந்து பார்க்கும். கடைசி நாள் படுகளத்துக்கு, கோவிலுக்கு எதிரேயுள்ள வெளியில் துரியோதனனை மண்ணாலேயே மல்லாந்த உருவமாகப் படைப்பார்கள்; பல ஆள் நீளம் இருக்கும். அங்கே மேடை என்று தனியாக ஒன்று கிடையாது. ஊரின் மண்ணே களம். பார்க்க வந்தவர்கள் மூன்று பக்கமும் பாய் விரித்து உட்காருகிறார்கள். குழந்தைகள் அங்கேயே தூங்குகிறார்கள். எந்தப் பக்கமும் சுவர் இல்லை, எழுந்தால் வீடு. கதைக்குப் பொருத்தமான இடம் எது, பார்க்கிறவர்களுக்கு ஏற்ற இடம் எது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடையை அந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். எந்த மேலாண்மைப் படிப்பும் இல்லாமல் பல தலைமுறையாக இதை நடத்துகிறவர்களிடம் போய் ஓர் இரவு உட்காருங்கள் என்று என்னிடம் பயிற்சிக்கு வரும் எல்லோரையும் அனுப்புகிறேன்.

நகரத்திலும் இந்த அறிவு இருந்திருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சி 1977-இல் அண்ணா சாலை மதரசா-ஐ-ஆஸம் பள்ளியில் 22 கடைகளோடு தொடங்கியது. பிறகு காயிதே மில்லத் கல்லூரி, புனித ஜார்ஜ் பள்ளி, நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம் என்று இடம் மாறிப் பெருகியது. பெரும்பாலும் கல்வி நிலைய மைதானங்கள்தான். பொங்கல் விடுமுறையில் வகுப்பு இராது; அதனால் மைதானம் கிடைக்கும், ஊர்க்காரர்களுக்கும் ஓய்வு இருக்கும். எந்த இடம் எந்த நாளில் சும்மா கிடக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது ஏற்பாட்டாளரின் பெரிய முதல். 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் கலைவிழா பூங்காக்களை அப்படிப் பயன்படுத்திக்கொண்டது. காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் மாலையில் அதே இடத்தில் பறையாட்டமும் கரகமும் பார்த்தார்கள், டிக்கெட் இல்லாமல். 2015-இல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் மீனவர் குப்பத்தில், கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஊர் மக்களோடு சேர்ந்து விழா எடுத்தார்கள். சபாவுக்குள் மட்டும் கேட்டுவந்த கர்நாடக இசையும் குப்பத்துக் கலைகளும் கடற்கரையில் ஒரே மேடையில் அமர்ந்தன. குளிரூட்டிய அரங்குக்கு வரத் தயங்குகிறவர் அங்கே தயங்கவில்லை. யாரை வரவேற்கிறோம், யாரை வெளியே நிறுத்துகிறோம் என்பதை அழைப்பிதழுக்கு முன்பே இடம் சொல்லிவிடுகிறது.

பெரிய அளவிலும் நம்மால் முடியும் என்பதற்கு 2022 சதுரங்க ஒலிம்பியாட் இருக்கிறது. ரஷ்யாவில் நடக்க வேண்டியது, உக்ரைன் போர் தொடங்கியதால் இடம் மாறி, மார்ச்சில் நமக்குக் கிடைத்தது. ஜூலை 28-இல் தொடக்க விழா. இடையில் நான்கு மாதம். மாமல்லபுரத்தில் ஏற்கெனவே இருந்த அரங்கோடு புதிதாக ஒரு பெரிய அரங்கையும் எழுப்பினார்கள். சதுரங்கத்துக்குக் கைதட்டல் வேண்டாம். அமைதி வேண்டும், பலகையில் நிழல் விழாத சீரான வெளிச்சம் வேண்டும், நொடி நேரமும் அறுபடாத மின்சாரம் வேண்டும். 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர்கள் வருவதற்குச் சில நாள் முன்னால், உள்ளூர் ஆட்டக்காரர்களை அதே மேசைகளில் உட்காரவைத்து ஒரு முழு ஒத்திகைப் போட்டி நடத்திப் பார்த்தார்கள். என் மனத்தில் நின்றது அந்த ஒத்திகைதான். மேடையில் ஆடுகிறவர்களுக்கு ஒத்திகை வைக்கிறோம். வாசலுக்கும் வரிசைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் ஒத்திகை வைப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இடம் புதிதாக, அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை எடுத்துவிடவும் கூடாது. டெல்லியில் 2016 மார்ச்சில் யமுனையின் வெள்ளச் சமவெளியில் பிரம்மாண்டமான பண்பாட்டு விழா ஒன்று நடந்தது. ஆற்றுப் படுகைக்குச் சேதம் என்று வழக்கு நடந்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. கோடையில் வறண்டு கிடக்கும் நம் காவிரி மணலில் நிலாக் கச்சேரி வைக்கலாமே என்று என்னிடம் ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. லாரியும் ஜெனரேட்டரும் இறங்கி ஏறினால் அந்தப் படுகை என்ன ஆகும்? டீசல் சிந்தினால் யார் எடுப்பது? கோவில் பிரகாரங்களுக்கும் இதே தடைதான். சிதம்பரத்தில் 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. கோவில் கலைக்கு இடம் கொடுத்த நல்ல மரபு அது. ஆனால் கல்தூணில் ஆணி அடித்து, சிற்பத்தின் மேல் விளக்குக் கம்பி கட்டித்தான் நிகழ்ச்சி நடத்த முடியும் என்றால் அந்த நிகழ்ச்சி வேறு இடத்துக்குப் போகட்டும்.

திருச்சிக்கு என்ன யோசனை என்று கேட்பீர்கள். பெரிய கூட்டமென்றால் பொன்மலை ஜி கார்னர், இல்லையென்றால் உழவர் சந்தை மைதானம். கல்யாணமென்றால் புறவழிச்சாலை மண்டபங்கள். ஊர் இதற்குள்ளேயே சுற்றுகிறது. 1914-இல் தொடங்கிய ரசிக ரஞ்சன சபா இருக்கும் ஊர் இது. நூறு, இருநூறு பேர் நெருங்கி உட்கார்ந்து கேட்கும் நிகழ்ச்சிகளின் அருமை நமக்குத் தெரியாததல்ல. எனக்கு வேண்டியவை சிறிய இடங்கள். கோடை விடுமுறையில் மாநகராட்சிப் பள்ளிகளின் மரநிழல் முற்றம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளை நூலகத்தின் வாசிப்புக் கூடம். மாலை ஆறு மணிக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் அலுவலக வளாகம். ஐம்பது பேருக்கு ஒரு கதைசொல்லல், எண்பது பேருக்கு ஒரு நாடகம், நூறு பேருக்கு மைக் இல்லாத ஒரு கச்சேரி. செலவு குறைவு, ஆபத்தும் குறைவு. பக்கத்துத் தெருக்காரர் நடந்தே வருவார். பெரிய மேடையில் மட்டுமே கலை பிழைக்கும் என்று யாரோ நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். நான் அதை நம்பவில்லை.

இந்தச் சிறிய இடங்கள் கிடைக்காமல் போவதற்குக் காரணம் பணம் இல்லை, பயம். இடத்தை எப்படித் திருப்பித் தருவார்களோ என்ற பயம். முன்பு வாங்கிய யாரோ குப்பையைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், குழாயை உடைத்திருப்பார்கள், தரையில் குழி தோண்டி மூடாமல் விட்டிருப்பார்கள். அதனால் கணக்குப் போடும்போது மறுநாளையும் சேர்த்துப் போடுங்கள்: குழியை மூட ஓர் ஆள், குப்பையை அள்ள வண்டி, புல்லுக்குத் தண்ணீர். கணக்கில் இன்னும் ஒன்று இருக்க வேண்டும். பந்தல் போடுகிறவர்களும் சாமான் ஏற்றுகிறவர்களும் இரவெல்லாம் வேலை செய்துவிட்டு, பந்தி முடிந்த பின் மிஞ்சியதைச் சாப்பிடுவது இந்தத் தொழிலில் பழகிப்போன வழக்கம். அது ஒழிய வேண்டும். அவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு, படுக்க ஓர் இடம், உயரத்தில் ஏறும்போது பாதுகாப்புக் கச்சை, ஒப்புக்கொண்ட கூலி வேலை முடிந்த அன்றே. விலைப்புள்ளியிலேயே இவற்றைத் தனி வரியாக எழுதுகிறேன். அந்த வரியை எடுத்துவிடச் சொல்கிற வாடிக்கையாளரின் வேலையை நான் எடுப்பதில்லை.

கடைசியாக உங்கள் கல்லூரி முதல்வரிடம் எல்லோர் முன்னிலையிலும் ஒரு விண்ணப்பம். உள்ளே வரும்போது உங்கள் வளாகத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வேப்பமரம், நடுவில் கட்டாந்தரை, சாலைக்குத் திறக்கும் இரண்டு வாயில்கள். ஒன்று பல காலமாகப் பூட்டியே கிடப்பதாகக் காவலர் சொன்னார். அந்தப் பூட்டைத் திறந்து, மே மாதத்தில் மாலை நேரங்களில் அந்தத் தரையை இந்த வட்டாரத்து மக்களுக்கும் கலைக்குழுக்களுக்கும் கொடுங்கள். மின் இணைப்பு, குடிநீர், கழிப்பறை, காவல்துறை அனுமதி ஆகியவற்றுக்கான பட்டியலை இந்த மாணவர்களோடு உட்கார்ந்து நானே தயாரித்துத் தருகிறேன். முதல் நிகழ்ச்சிக்கு என் கூலி வேண்டாம். இரண்டு வாயிலையும் அளக்க டேப் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வர விருப்பமுள்ளவர்கள் வாருங்கள்.